நல்ல ஆளுக்கு ஒண்ணு, எங்க வூட்டுக்காரருக்கு ஆறு

எங்கள் தெருவில் யாராவது புது வண்டி எடுத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால், அன்றைக்குச் செல்வாம்பாள் அக்காவுக்குத் தலைவலி வந்துவிடும். மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போவாள். போகிற வழியில் அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். கலர் கொஞ்சம் கண்ணை அடிக்கிறது என்று ஒரு குறை சொல்லிவிட்டு வந்தால்தான் தலைவலி பாதியாவது இறங்கும். நான் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இதையெல்லாம் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிப் பல தடவை திட்டியிருக்கிறேன். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "எனக்கு மனசுல பட்டத சொன்னேன், அதுல என்னா தப்பு?" என்பாள்.

என் பெயர் பூர்ணிமா. முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். மூன்று பெண்களில் நடுப்பெண். மூத்தவளுக்குப் புதுத்துணி, கடைசிக்குச் செல்லம், நடுவில் இருந்தவளுக்கு மிஞ்சியது என்னவோ அதுதான் அவள் குணமாகிப் போனது என்று அவள் புருஷன் கலியமூர்த்தி அண்ணன் கேலி செய்வார். அண்ணன் டூவீலர் மெக்கானிக். எங்கள் பகுதியில் அவர் கை படாத ஸ்கூட்டர் கிடையாது.

வீட்டு முன்னறையில் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பொறாமையால்தான் அவள் முன்னுக்கு வந்தாள். எதிர்வரிசையில் இதே கடை வைத்திருந்த முகிலன் கலர் பிரிண்டர் போட்டார். இரண்டே மாதத்தில் அக்காவும் போட்டாள். அவர் லேமினேஷன் மெஷின் வாங்கினார். இவள் அதையும் வாங்கி, ஸ்பைரல் பைண்டிங்கும் சேர்த்துக்கொண்டாள். முகிலன் கடைசியில் கடையை மூடிவிட்டு பிராட்பேண்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அவர் போன பிறகு போட்டிக்கு ஆள் இல்லாமல் அக்கா ஒரு வாரம் சோர்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவளுடைய பெரிய பொறாமை வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற குடும்பங்கள் கான்சுலேட்டில் கொடுக்க வேண்டிய காகிதங்களை எல்லாம் இவள் கடையில்தான் காப்பி எடுப்பார்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாள். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த அறுபத்திரண்டில், பிரான்ஸ் குடியுரிமையா, இந்தியாவா என்று கேட்டு ஆறு மாதம் தவணை கொடுத்தபோது கலியமூர்த்தி அண்ணனின் தாத்தா கையெழுத்துப் போடப் போகவில்லை. கடைசி நாள் அன்றைக்கு அவருக்கு நாற்று நடவாம். "ஒரு நாளு நடவ தள்ளி வெச்சிருந்தா இன்னிக்கி நாம பாரிஸ்ல இருந்திருப்போம்" என்று அக்கா பார்த்தே இராத அந்தத் தாத்தாவை வாரம் ஒருமுறையாவது திட்டிவிடுவாள்.

இப்படி இருந்தவள் வீட்டில்தான் அந்த நோய் வந்தது.

முதலில் அண்ணனால் ஒரு நட்டைக் கழற்ற முடியவில்லை. ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. வேலைக்களைப்பு என்றார். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் பட்டை மாட்டிவிட்டார், இன்னொருவர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பதினொரு மாதம் இப்படி அலைந்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரி நரம்பியல் டாக்டர் இளஞ்செழியன் மோட்டார் நியூரான் நோய் என்று சொன்னார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைக்கு ஆணை கொண்டுபோகிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். புத்தி தெளிவாக இருக்கும். தொட்டால் தெரியும். அசைக்கத்தான் முடியாது. எவ்வளவு காலம் என்று அக்கா கேட்டாள். ஆளுக்கு ஆள் மாறும், சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சொல்ல முடியாது என்ற அந்த பதில்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்: இவருக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது? யாரும் சொல்லவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு அளவுகோல் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் மார்செல்.

மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை இந்த நோயாளிகளுக்கு என்று தனி கிளினிக் நடக்கும். உப்பளத்திலிருந்து மார்செலும் அவர் மனைவி மர்த்தும் வருவார்கள். மார்செல் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு நோய் தொண்டையில் ஆரம்பித்தது. பேச்சு போய்விட்டது, விழுங்க முடியாது, வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகத்தான் சாப்பாடு. ஆனால் கால் இருந்தது. தொப்பி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தே வருவார். சொல்ல வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார். கலியமூர்த்தி அண்ணனுக்கு அதற்கு நேர் மாறு. கையும் காலும் போய்விட்டன, வாய் மட்டும் பாக்கி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வார்டு பாய் முதல் டாக்டர் வரை எல்லோரையும் கிண்டல் செய்வார். தள்ளுகிறவள் அக்காவாக இருந்தால் திட்டுவார்.

அக்காவுக்கு அந்த நடையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். தூக்கி உட்காரவைத்து, தூக்கிப் படுக்கவைத்து இவள் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. மர்த் பாட்டுக்கு ஒரு சின்னத் துண்டை வைத்துக்கொண்டு புருஷன் கடைவாயைத் துடைத்துக்கொண்டு கூட நடந்து வருவாள். சேலை கசங்கியிருக்காது. மகள் நத்தாலி பிரான்சிலிருந்து அனுப்பிய ஏதோ ஒரு பொருள் ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கையில் இருக்கும். "நோயிலகூட அவங்களுக்கு நல்லதா பாத்து குடுத்திருக்கான் பாரு" என்று ஒருநாள் என் காதில் சொன்னாள். அப்படிச் சொல்லாதே அக்கா, அந்த மனுஷன் மூன்று வருஷமாக ஒரு வாய் சோறு ருசி பார்க்கவில்லை என்றேன். அது அவள் மனதில் ஏறவில்லை.

ஒரு தடவை ஆஸ்பத்திரி கேன்டீனில் அண்ணனுக்கு அவள் மெதுவடை ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் மார்செல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மர்த்தும் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் வீடு திரும்பியதும் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து அண்ணனுக்குச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லை என்றால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று கணக்கு. நெடி வந்தால் அண்ணன் இருமியே செத்துவிடுவார் போல இருக்கும். நுரையீரல் பலவீனமாகிக்கொண்டு வருகிற ஆளிடம் மிளகாய்ப் புகை போடுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று நான் கத்துவேன். அடுத்த மாதமும் போடுவாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, அதில் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்க வீட்டுக்குப் போனபோது, இது என்ன என்று அக்கா கேட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்து நான் ஒரு விளக்கம் சொன்னேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

டி.என்.ஏ. என்பது ஒரிஜினல் பத்திரம், பீரோவை விட்டு வெளியே வராது என்றேன். வேலை நடக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துத்தான் அனுப்புவார்கள், அந்த ஜெராக்ஸ்தான் ஆர்.என்.ஏ. பெரும்பாலானவற்றைப் பார்த்துத்தான் உடம்பு புரதம் செய்கிறது. ஆனால் சில துண்டுக் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒரு புரதமும் செய்ய முடியாது. ரொம்ப நாள் அவற்றைக் குப்பை என்றே நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவை மற்ற ஜெராக்ஸ்களிடம் போய் ஒட்டிக்கொண்டு, நீ போதும், நிறுத்து என்று அடக்குகிற மேஸ்திரிகள் என்று. நாங்கள் எண்ணப் போவது அப்படித் தசையில் பிறக்கிற ஒரு துண்டை. எத்தனை காப்பி இருக்கிறது என்று பார்ப்போம். இப்படிச் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டாள். எத்தனை காப்பி என்பதை மட்டும் அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

முடிவை நோயாளிகளுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாதபோது சொல்லி என்ன செய்வது? அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். மீன் குழம்பு கொடுத்து அனுப்பிக் கேட்டாள். என் அம்மாவிடம் சொல்லிக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமை ஒரு பிற்பகலில் தீர்ந்தது. மூன்று மணிக்கு டாக்டர்கள் கூட்டம். அட்டவணையை எட்டு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் பிரிண்டர் பேப்பரை மென்று துப்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு எங்கே போயிருப்பேன்? பத்து வருஷமாக எனக்கு எது பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றாலும் அக்கா கடைதான். கால் தானாகப் போனது. அட்டவணையில் பேர் இல்லை, வெறும் குறியெண்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்காவின் கண் முன்னாலேயே ரத்தம் பிடித்த குப்பியில் பதினாலு என்று ஸ்டிக்கர் ஒட்டியவள் நான்தான். அவர்களுக்கு முந்தின முறை எப்போதும் மார்செலுடையது. பதின்மூன்று.

எட்டு காப்பி கேட்டேன். மெஷின் ஒன்பது போட்டதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா ஆளே மாறிவிட்டாள். கிளினிக்குக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். மர்த்தைப் பார்த்துச் சிரித்தாள். என்ன அதிசயம் என்று நினைத்தேன். புருஷனின் நோயை ஏற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது, மனசு பக்குவப்பட்டுவிட்டது என்றுகூட என் அம்மாவிடம் சொன்னேன்.

அதே சமயத்தில் அண்ணனுக்கு விழுங்குவது சிரமமாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. ஒரு கிண்ணம் குழைந்த சோறு ஊட்ட முக்கால் மணி நேரமானது. எடை இறங்கியது. மூச்சை ஊதச் சொல்லிப் பார்க்கிற சோதனையில் அறுபத்திரண்டு சதவீதம் வந்தது. வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். மூச்சு பலம் ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் குழாய் வைப்பது ஆபத்து, அதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும், காலம் கடத்தாதீர்கள் என்று விளக்கினார்.

அக்கா மாட்டேன் என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. இவருக்குத் தேவைப்படாது டாக்டர், இவர் தேறிக்கொண்டு வருகிறார் என்று உறுதியாகச் சொன்னாள். அடுத்த மாதம் ஐம்பத்தேழு. அப்போதும் மாட்டேன் என்றாள். வேண்டுமென்றால் வாயால் ஊட்டுவதற்கு இன்னும் அரை மணி நேரம் கூட எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்தானே, நீ போய்ப் பேசிப் பார் என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கடையைத் திறந்து வைத்திருந்தாள். தடுப்புக்குப் பின்னால் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார். நான் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள். உள்ளே சாமி மாடத்துக்குப் போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். என்னுடைய அட்டவணை. லேமினேஷன் செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பதினாலாம் வரிசைக்கு நேராகக் குங்குமம் வைத்திருந்தாள்.

"நோவு இல்லாத நல்ல ஆளுக்கு ஒண்ணுதான் போட்டிருக்குது, மேலயே பாரு. எங்க வூட்டுக்காரருக்கு ஆறு. மொதல்ல நாலு இருந்தது, இப்ப ஆறு. அந்த சொல்தாவுக்கு அஞ்சுல இருந்து ரெண்டுக்கு வந்துடுச்சி. அவருக்கு குழாய் வெச்சாங்க, சரி. இவருக்கு எதுக்கு?"

காப்பி கூடினால் வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷமாக அவள் வாழ்க்கையில் அது தப்பாமல் நடந்த விஷயம். அந்தக் கணக்கை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக இந்தக் காகிதத்தைக் கும்பிட்டுக்கொண்டுதான் அவள் அண்ணனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

சொல்லக் கூடாததைச் சொல்லியே ஆக வேண்டிய நிலைமை. இது மார்க் இல்லை அக்கா என்றேன். நரம்பு தசையை விட்டுப் போகும்போதுதான் இந்தத் துண்டு தசையில் பெருகுகிறது. நரம்பைத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளச் சொல்லி இது கூப்பிடுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கூப்பிடுகிறது என்றால் விட்டுப்போனவை நிறைய என்றுதானே அர்த்தம்? இது கடையில் கூடுகிற கூட்டம் இல்லை, தீப்பிடித்த வீட்டுக்கு முன்னால் கூடுகிற கூட்டம். அதுவும் மனிதர்களுக்கு இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டு வந்தவர் தோற்றார், ஆறு வந்தவர் ஜெயித்தார் என்று இந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, உனக்கு வயிற்றெரிச்சல் என்றாள். மர்த் உன்னைக் கையில் போட்டுக்கொண்டாள் என்றாள். அவள் புருஷனுக்கு இறங்கிவிட்டது, எங்களுக்கு ஏறிவிட்டது, அது பொறுக்காமல் எல்லோரும் சேர்ந்து இவரையும் குழாயில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றாள். அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. வெளியே ஆதார் அட்டையோடு வந்து நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அவர் பேச்சு அப்போது குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தள்ளித்தான் வெளியே அனுப்ப வேண்டும். கிண்டல் செய்கிற குரல் அது இல்லை.

"செல்வாம்பா. உனக்கு நான் பொழைக்கணுமா? இல்ல, மார்செலுக்கு அப்புறம் செத்தா போதுமா?"

அக்கா ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணனே மறுபடி பேசினார். எனக்குப் பசிக்கிறது, ஊட்டுகிற முக்கால் மணி நேரமும் எப்போது புரை ஏறுமோ என்று பயமாக இருக்கிறது, உன் முகத்தைப் பார்த்து இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன், குழாய் போடச் சொல்லு என்றார். அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூன்று நிமிஷமானது. அக்கா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். பிறகு என் மடியிலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழிக்கப் பார்த்தாள். லேமினேஷன் செய்ததல்லவா, கிழியவில்லை. சுருட்டி என் பையில் திணித்தாள்.

திங்கட்கிழமை நானே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். என்னை அந்த வேலையிலிருந்து ஆறு மாதம் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். அன்றைக்கு அண்ணனின் மூச்சு ஐம்பத்திரண்டு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார் டாக்டர். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பதை நர்ஸ் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தார். ஆனால் அக்காவுக்குப் பயம் போகவில்லை. புதன்கிழமை மதியம் என்னை வண்டி எடுக்கச் சொன்னாள். எங்கே என்று கேட்டேன். உப்பளம் என்றாள். யார் வீட்டுக் காற்று பட்டாலே கண்பட்டுவிடும் என்று ஒதுங்கினாளோ அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

மர்த் எதுவும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டுவதிலிருந்து, சிரிஞ்சை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், கடைசியில் எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது வரை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். மார்செல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தன் வயிற்றைப் பாடத்துக்குக் கொடுத்திருந்தார். போன கிளினிக்குக்குப் பிறகு அவருக்கும் நடை நின்றுவிட்டது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். நடுவில் நோட்டை வாங்கி, ரொம்ப நேரம் எடுத்து எழுதி அக்காவிடம் நீட்டினார். கஞ்சியைச் சூடாக ஊற்றாதே, உள்ளே தெரியும் என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிளம்பும்போது மர்த் வாசல்வரை வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் சொன்னாள்:

"ஒன் புருஷன் வராந்தால ஒன்ன பேர் சொல்லி கூப்புட்டு திட்டுவாரு பாரு, எனக்கு அப்ப வயிறு எரியும் செல்வா. நான் மூணு வருஷமா என் பேர கேக்கல."

அக்கா அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வண்டியில் ஏறினாள். கடற்கரைச் சாலை திரும்பும்போது திடீரென்று என் தோளைத் தட்டினாள். "ஏ பூர்ணிமா, என்ன பாத்தும் ஒருத்தி வயிறு எரிஞ்சிருக்கா பாரேன்" என்றாள். அதில் இருந்தது வருத்தமா பெருமையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் வேண்டுமென்றே வம்பு இழுத்து ஒரு திட்டு வாங்கிக்கொண்டாள்.

குழாய் நல்லபடியாக அமைந்தது. அண்ணனின் எடை இரண்டு கிலோ ஏறியது. ஆனால் இந்த நோய் எடையைப் பார்த்து நிற்பதில்லை. பேச்சு குறைந்தது. மூச்சுக்கு மூக்கில் மாட்டுகிற மெஷின் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், மெஷின் முகமூடி நழுவினால் கத்துகிற அலாரத்துக்கு ஓட வேண்டும். அக்கா கடையைப் பாதி நேரம் மூடினாள். கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவாள். காப்பி எடுக்க வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு சில்லறையை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். மர்த்தும் அவளும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். பேச்செல்லாம் சளி, மலச்சிக்கல், முதுகுப் புண். புருஷன்களை ஒப்பிடுவதை அக்கா விட்டிருந்தாள் என்று நான் நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மார்செல் நாற்காலியிலேயே இறந்துபோனார். நத்தாலி வருவதற்காக இரண்டு நாள் வைத்திருந்து உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிரெஞ்சுக் கொடி போர்த்திய பெட்டியைப் பழைய சொல்தாக்கள் நாலு பேர் தூக்கினார்கள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நானும் அக்காவும் போயிருந்தோம்.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. மார்செலுக்கு அப்புறம் செத்தால் போதுமா என்று அண்ணன் கேட்டாரே, மார்செல் முந்திப் போவது நடந்தேவிட்டது. இவள் முகத்தில் ஜெயித்த களை ஏதாவது தெரிந்துவிடுமோ, மர்த் அதைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்தேன். அக்கா மர்த்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு வராந்தாவில் பார்ப்பாளே, அதே பார்வை. கண்ணெடுக்காமல், ஏற இறங்க.

மண் போட்டு முடிந்ததும் மர்த் எங்களிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு, கலியமூர்த்தி சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு நத்தாலி வந்து, கொஞ்சம் படுக்கணும் மமா, வாங்க என்று அம்மாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். கார் கதவு மூடியது. பின்சீட்டில் மர்த் மகள் மடியில் தலை வைத்துச் சாய்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள், வலித்தது.

"அவ இன்னிக்கி தூங்கிடுவா பூர்ணிமா" என்றாள். "எனக்கு பொறாமையா இருக்குது."

அந்த வார்த்தையை அவள் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம், யாருக்கு என்ன நேர்ந்தால் தனக்கு அந்தத் தூக்கம் வரும் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை. வண்டியை எடு, அவரைப் புரட்டிப் போட நேரமாகிவிட்டது என்று வேகவேகமாக வாசலை நோக்கி நடந்தாள்.